கேடயத்தூண்டி அளவும் கருவி மாற்றமும்

தைராய்டு எனப்படும் கேடயச் சுரப்பியின் நிலையை அறியும் அளவீடுகள் இருவகைப்படும். மூளையடிச் சுரப்பி விடுக்கும் கேடயத்தூண்டி (டி.எஸ்.எச்.) பெரிய புரதமாதலின், இரண்டு எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) அதனை இருபுறமும் பற்ற இடமுண்டு, பற்றப்பட்டவை மிகுந்தால் கருவி காணும் ஒளியும் மிகும். இது இருபுறப் பற்றுமுறை. கேடயச் சுரப்பி சுரக்கும் நாலயோடினோ (டி4) மிகச் சிறியது. ஓர் எதிர்ப்பொருளுக்கே அதில் இடமுண்டு. எனவே அடையாளமிட்ட நாலயோடினைக் குருதியிலுள்ளதோடு போட்டியிடச் செய்வர். குருதியில் அது மிகுந்தால் ஒளி குறையும். இது போட்டிமுறை. 1950களின் இறுதியில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினை அளக்க வகுத்த நெறியிலிருந்து கிளைத்த துறை இது. யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார்.

கேடயத்தூண்டியின் மேல் ஒட்டியுள்ள சர்க்கரைக் கிளைகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனைப் பற்றும் எதிர்ப்பொருளும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஆதலால் ஒரே குருதி ஒரு கருவியில் 3.9 என்றும் மற்றொன்றில் 4.6 என்றும் காட்டக்கூடும். இரண்டும் தத்தம் முறையில் பிழையற்றவையே, ஆயினும் 4.0ஐ மேல்வரம்பாகக் கொண்ட மருத்துவருக்கு முன்னது நலம், பின்னது குறைச்சுரப்பு. பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் கோபியிலும் மஞ்சள் மூடிக் குழாயில் எடுத்த குருதி கோவை ஆய்வகங்களுக்கு வந்து சேரும் இந்நாளில், இங்கே ஒரு கருவி மாறினால் அங்கே மருந்தின் அளவு மாறிவிடும்.

ஆகவே பழைய கருவியை அகற்றுமுன் அதனையும் புதியதையும் அருகருகே இயக்கிப் பார்க்க வேண்டும். நோயாளர் குருதிநீர் குறைந்தது 40 தேர்ந்து, மிகத் தாழ்ந்த அளவு முதல் மிக உயர்ந்த அளவு வரை பரவச்செய்து, பல நாள்களில் பிரித்து அளப்பது நெறி. 1986இல் பிளாண்டும் ஆல்ட்மனும் லான்செட் இதழில் விளக்கிய வரைபடத்தில், இரு முடிவுகளின் சராசரி கிடைக்கோட்டிலும் வேறுபாடு நெடுக்கோட்டிலும் அமையும். கேடயத்தூண்டியின் புள்ளிகள் அளவு உயர உயர விசிறிபோல் விரிவதால், வேறுபாட்டை விழுக்காட்டில் குறிப்பதே தக்கது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி நாடெங்கும் உள்ள ஆய்வகங்களின் அளவீடுகளை ஒப்பிடும் புறத்தர மதிப்பீட்டைப் பல்லாண்டுகளாக நடத்தி வருவது தமிழகத்துக்குப் பெருமை. எனினும் அம்மதிப்பீட்டில் அளக்கப்படும் பதப்படுத்திய ஒப்பீட்டுப் பொருள் எல்லா எதிர்ப்பொருள்களிடமும் புதுக்குருதி போலவே நடந்துகொள்ளும் என்பதற்கில்லை. நோயாளரின் குருதிக்கு மாற்றாக அதனைக் கொள்ளலாகாது என்பதே என் துணிபு.

வரைபடத்தில் தனித்து விலகி நிற்கும் ஒரு புள்ளியைத் தள்ளிவிடாமல் ஆராய்தல் வேண்டும். முடி வளர உண்ணும் பயோட்டின் மாத்திரை, பயோட்டின் பிணைப்பைக் கையாளும் கருவிகளில் அப்பிணைப்பைத் தடுத்து ஒளியைக் குறைக்கும். இருபுறப் பற்றுமுறையில் ஒளி குறைந்தால் கேடயத்தூண்டி பொய்யாகத் தாழும். போட்டிமுறையில் ஒளி குறைந்தால் நாலயோடின் பொய்யாக உயரும். ஒரே தடையால் எதிரெதிர்த் திசையில் விளையும் இவ்விரு பிழைகளும் ஒன்று சேர்ந்து, நலமான ஒருவரிடம் மிகைச்சுரப்பு நோயின் முழு வடிவத்தையும் வரைந்துவிடுகின்றன.

மாற்றத்துக்குப் பின் புதிய முறையின் பெயரும் அதற்குரிய வரம்பும் முடிவுத் தாளில் இடம்பெற வேண்டும்; நாள்தோறும் வரும் முடிவுகளின் நடுமதிப்பு நகர்கிறதா எனச் சில கிழமைகள் நோக்க வேண்டும். கேடயச் சுரப்பிப் புற்றுநோய்க்கு அறுவை முடித்துத் தைரோகுளோபுலின் அளவால் தொடர்ந்து கண்காணிக்கப்படுவோர்க்குப் பழைய முறையிலும் புதிய முறையிலும் ஒருமுறை சேர்த்தே அளந்து, புதிய தொடக்க அளவைப் பதிந்து தருதல் வேண்டும்.