கடனும் வட்டியும் – 17: சக்கரம் பூட்டிய வீட்டுக்கு ரொக்கமா, தவணையா?

அமெரிக்காவில் ஆர்.வி. என்று அழைக்கப்படும் பொழுதுபோக்கு வண்டி, சக்கரங்களின் மேல் ஏற்றிய ஒரு சின்ன வீடு. கட்டில், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனைப் பார்த்தவர்களுக்கு இதன் உருவம் புதிதல்ல. அங்கே ஒரு சாதாரணக் குடும்பம் அதைச் சொந்தமாக வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது என்பதுதான் வேறுபாடு. சொந்த எஞ்சின் உள்ள மோட்டார் ஹோம் ஒரு வகை. பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் டிரெய்லர் இன்னொரு வகை. சிறிய டிரெய்லர் 20,000 டாலர் அளவில் கிடைக்கும். வேனை மாற்றிக் கட்டிய மோட்டார் ஹோமே ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது வழக்கம். பேருந்து அளவிலான டீசல் வண்டிகள் பல லட்சம் டாலர் விலை பெறும்.

இவ்வண்டிகளில் பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் தயாராகின்றன. நாட்டில் வட்டி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அந்த ஊரின் தொழிற்சாலை வாசலிலேயே தெரிந்துகொள்ளலாம். 1978க்கும் 1980க்கும் இடையில் பெட்ரோல் தட்டுப்பாடும் வட்டியும் சேர்ந்து தாக்கியதில் ஆர்.வி. விற்பனை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. 2009இல் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறிய வண்டிகள் சுமார் 1,65,700 மட்டுமே. அந்த ஆண்டு எல்க்ஹார்ட்டில் ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லை என்ற நிலை வந்தது. கொரோனாக் காலத்தில், வட்டி பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தபோது, எண்ணிக்கை வரலாறு காணாத அளவில் ஆறு லட்சத்தை எட்டியது. அது 2021. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் தொடங்கி 2023 ஜூலைக்குள் தன் வட்டியை 5.25–5.50 சதவீதத்துக்கு உயர்த்தியது. 2023இல் வெளியேறிய வண்டிகள் சுமார் 3,13,000. பெரும்பாலோர் கடனில்தான் வாங்குகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

சென்ற வாரம் பார்த்த கார்க் கடன் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் முடிந்துவிடும். ஆர்.வி. கடனோ 10, 15, சில இடங்களில் 20 ஆண்டுகள் வரை நீளும். விற்பவர் பேச்சை ஆரம்பிப்பதே மாதத் தவணையில்தான்; மொத்த விலை பின்னால் வரும். 1,50,000 டாலர் வண்டிக்கு 30,000 டாலர் முன்பணம் கட்டி, மீதி 1,20,000 டாலரை 8 சதவீத வட்டியில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 20 ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 1,004 டாலர். கடைசித் தவணை கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 2,40,900 டாலர் கையைவிட்டுப் போயிருக்கும். அசலை வட்டி மிஞ்சிவிட்டது. அதே கடனைப் பத்தே ஆண்டுகளில் அடைப்பதானால் மாதம் 1,456 டாலர், மொத்த வட்டி சுமார் 54,700 டாலர். மாதம் 452 டாலர் கூடுதலாகக் கட்ட முடிந்த குடும்பத்துக்கு 66,000 டாலர் மிச்சம். வட்டி விகிதத்தில் கால் சதவீதம் குறைக்கச் சொல்லி மணிக்கணக்கில் பேரம் பேசுகிறவர்கள், தவணைக் காலத்தை விற்பவர் சொன்னபடியே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவது வேடிக்கைதான்.

நீண்ட தவணையின் உண்மையான ஆபத்து வட்டியைவிட வேறொன்றில் இருக்கிறது. வண்டியின் விலை இறங்கும் வேகத்துக்குக் கடன் இறங்குவதில்லை. மேற்சொன்ன 20 ஆண்டுக் கடனில் ஐந்து ஆண்டுகள் தவறாமல் கட்டினால் 60,200 டாலர் கட்டியிருப்பார்கள். அதில் 45,000 டாலருக்கு மேல் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிந்தது 15,000 டாலர். பாக்கி இன்னும் 1,05,000 டாலர். புதிய ஆர்.வி. முதல் ஆண்டிலேயே விலையில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும், ஐந்தாண்டில் மூன்றில் ஒன்று முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை இழக்கும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஐந்தில் இரண்டு என்று எடுத்தால் வண்டியின் மதிப்பு 90,000 டாலர். விற்றுக் கடனை அடைக்க நினைத்தாலும் கையிலிருந்து 15,000 டாலர் போட்டாக வேண்டும். 20 சதவீதம் முன்பணம் கட்டியவரின் நிலைமையே இது. ஏர்ஸ்ட்ரீம் போன்ற சில வண்டிகள் மெதுவாகத்தான் விலை இறங்கும் என்பதும் உண்மை. ஆனால் 2021இல் தட்டுப்பாட்டு விலைக்கு வாங்கி, இரண்டே ஆண்டுகளில் விற்க வந்தவர்களுக்கு அந்த ஆறுதலும் பெரிதாகக் கிடைக்கவில்லை.

விபத்தில் வண்டி முழுதாக நாசமானால் காப்பீட்டு நிறுவனம் அன்றைய சந்தை மதிப்பைத்தான் தரும். கடன் பாக்கியை அது பார்ப்பதில்லை. இந்த இடைவெளியை அடைக்கவே 'கேப்' காப்பீடு என்று தனியாக ஒன்று விற்கப்படுகிறது. ரொக்கத்தில் வாங்கியவருக்கு அது தேவையே இல்லை.

பெரிய கடன்களில் அதிகம் பேசப்படாத ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. உண்மையான ஆண்டு வட்டி எவ்வளவு, மொத்தம் கட்ட வேண்டியது எவ்வளவு என்று கடன் வாங்குபவருக்குத் தெளிவாக எழுதித் தர வேண்டும் என்கிறது 1968ஆம் ஆண்டின் கடன் உண்மை வெளியீட்டுச் சட்டம். வீடு நிலத்தை ஈடு வைக்காத கடன்களில், ஒரு வரம்பைத் தாண்டிய தொகைக்கு அது செல்லாது. 2011இல் 50,000 டாலராக இருந்த அந்த வரம்பு விலைவாசியோடு உயர்ந்து இப்போது 70,000 டாலரைச் சற்றுக் கடந்திருக்கிறது. வாங்குபவர் அதையே தன் நிரந்தர வீடாகக் கொண்டால் விதிவிலக்கு உண்டு. விடுமுறைக்காக வாங்கும் பெரிய மோட்டார் ஹோமின் கடன் இந்த வேலிக்கு வெளியே நிற்கிறது. சிறிய கடனுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பெரிய கடனுக்குக் கிடையாது. ஒப்பந்தத்தை வரிக்கு வரி படிக்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில்தான்.

கடனுக்கு ஆதரவாக முதலில் சொல்லப்படும் வாதம் வருமான வரிச் சலுகை. தூங்க இடம், சமையல் வசதி, கழிப்பறை மூன்றும் இருந்தால் ஆர்.வி.யும் வரித்துறையின் கண்ணில் ஒரு வீடுதான். அந்த வண்டியையே ஈடாக வைத்து வாங்கிய கடனின் வட்டியை இரண்டாவது வீட்டின் வட்டியாகக் காட்டலாம். 1986ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தம் மற்ற நுகர்வோர் கடன் வட்டிக்கான சலுகையை நீக்கியபோதும் வீட்டு வட்டியை விட்டுவைத்ததால் வந்த வழி இது. ஆனால் 2017ஆம் ஆண்டு வரிச் சட்டம் எல்லோருக்கும் பொதுவான நிலைக் கழிவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிட்டது. 2025இல் கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் காட்டினால் அது 31,500 டாலர். மேலே பார்த்த கடனில் முதல் ஆண்டு வட்டி சுமார் 9,500 டாலர். சொந்த வீட்டுக் கடனை ஏற்கெனவே அடைத்துவிட்ட ஓய்வுபெற்ற தம்பதிக்கு, மற்ற கழிவுகளையும் சேர்த்துத் தொகை 31,500ஐத் தாண்டாவிட்டால், இந்த வட்டியால் ஒரு டாலர்கூட வரி குறையாது. விற்பனைக் கூடங்களில் இன்றும் இந்தச் சலுகை பெரிதாகப் பேசப்படுகிறது.

அப்படியானால் ரொக்கம்தான் மலிவா? அந்த ரொக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஆர்.வி. வாங்குபவர்களில் ஓய்வுபெற்றவர்கள் கணிசம். அவர்களின் சேமிப்பு பெரும்பாலும் ஐ.ஆர்.ஏ., 401(கே) போன்ற ஓய்வூதியக் கணக்குகளில் இருக்கும். போடும்போது வரி கட்டாத பணம் அது. எடுக்கும்போது கட்ட வேண்டும். ஒரே ஆண்டில் பெருந்தொகையாக எடுத்தால் அது முழுவதும் அந்த ஆண்டின் வருமானமாகச் சேர்ந்து, வரி விகிதமே ஏறிவிடும். கடைசியாக எடுக்கும் டாலருக்கு 24 சதவீத வரி என்றால், கூடுதலாக 1,00,000 டாலர் கைக்கு வர 1,31,500 டாலருக்கு மேல் எடுக்க வேண்டும். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தில் வரி விழும் பங்கு கூடலாம். மெடிகேர் மருத்துவக் காப்பீட்டின் மாதக் கட்டணம் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், இன்று எடுத்த பணத்தின் அடி இரண்டு ஆண்டு கழித்து வந்து விழும். 59½ வயது ஆகாதவர் எடுத்தால், பெரும்பாலும் 10 சதவீத அபராதம் தனி. இப்படிப்பட்டவருக்குப் பாதிப் பணம் கட்டி, மீதியைக் குறுகிய காலக் கடனாக்கி, ஓய்வூதியக் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் கொஞ்சமாக எடுத்து அடைப்பது மலிவாக முடியலாம். வங்கிச் சேமிப்பில் சும்மா கிடக்கும் பணத்துக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

"கடன் வட்டியைவிட முதலீட்டில் அதிகம் வரும், அதனால் ரொக்கத்தைத் தொட வேண்டாம்" என்பது இன்னொரு வாதம். வட்டி 4, 5 சதவீதமாக இருந்த நாட்களில் இதில் நியாயம் இருந்தது. 8 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு பங்குச் சந்தையை நம்புவது வேறு கதை: தவணை நிச்சயம், லாபம் நிச்சயமில்லை. கடன் வட்டியை அரசுப் பத்திரம், வங்கி வைப்பு போன்ற ஆபத்தில்லாத முதலீடு தரும் வட்டியோடு, அதுவும் வரி போக மிஞ்சுவதோடு ஒப்பிடுவதுதான் நேர்மையான கணக்கு. மிச்சப் பணத்தை முதலீடு செய்வதாகச் சொல்பவர்கள் எல்லோரும் செய்துவிடுவதில்லை என்பது தனி விஷயம்.

விற்பனைக் கூடத்தில் ரொக்கத்துக்குத் தனி மரியாதை உண்டு என்ற நம்பிக்கை பழையது. இன்றைய நிலைமை ஏறக்குறைய தலைகீழ். கடன் விண்ணப்பத்தை வங்கிக்கு அனுப்பும் விற்பனையாளருக்கு வங்கி ஒரு அடிப்படை வட்டியைச் சொல்லும். அவர் அதற்கு மேல் சற்று ஏற்றி வாடிக்கையாளரிடம் சொல்வார். வித்தியாசத்தில் அவருக்குப் பங்கு. நீட்டித்த உத்தரவாதம், கேப் காப்பீடு, பெயின்ட் பாதுகாப்பு எல்லாம் விற்கப்படுவதும் அதே மேசையில்தான். முழுப் பணத்தோடு வருபவரிடம் இந்த வருமானத்தில் பெரும்பகுதி இல்லை. அதனால்தான் விலை பேசி முடியும்வரை எப்படிக் கட்டப்போகிறோம் என்று வாய் திறக்காமல் இருப்பதும், கடன் சங்கத்திலோ வங்கியிலோ முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிக்கொண்டு போவதும் விவரமானவர்களின் வழக்கம். விற்பனையாளரின் கடனை ஒப்புக்கொண்டு விலைக் குறைப்பைப் பெற்று, சில மாதங்களில் மொத்தமாக அடைப்பவர்களும் உண்டு. முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். முன்வட்டியை அதிகமாகக் கழித்துக்கொள்ளும் '78 விதி' என்ற பழைய கணக்கு முறையை 61 மாதத்துக்கு மேற்பட்ட நுகர்வோர் கடன்களில் அமெரிக்கச் சட்டம் தடை செய்திருக்கிறது.

ரொக்கத்தின் பலம் தெரிவது தனிநபரிடம் வாங்கும்போது. வீட்டு முற்றத்தில் நிற்கும் நான்கைந்து ஆண்டுப் பழைய வண்டியை, வங்கி ஒப்புதலுக்காக யாரையும் காக்க வைக்காமல் முடிப்பவருக்கு நல்ல விலை கிடைக்கும். முதல் சொந்தக்காரர் விலைச் சரிவின் பெரும்பகுதியைச் சுமந்து முடித்திருப்பார். ரொக்கம் என்றால் பெரும்பாலும் வங்கிக் காசோலை அல்லது கணக்கு மாற்றம்தான். 10,000 டாலருக்கு மேல் நோட்டாகப் பெறும் வணிகர் அதை வரித்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும்.

வீட்டை விற்றுவிட்டு ஆண்டு முழுவதும் வண்டியிலேயே வாழப்போகிறவர்களுக்குக் கடன் கொடுக்கப் பல வங்கிகள் தயங்குகின்றன. நிலையான முகவரி இல்லாதவரின் ஈடும் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பது அவர்களின் பயம். வீட்டை விற்ற பணமே இவர்களின் ரொக்கம். ஆனால் அது முழுவதையும் வண்டியில் கொட்டிவிட்டால் செலவுக்குக் கையில் எதுவும் இராது. தயாரிப்பாளரின் உத்தரவாதம் பல வண்டிகளுக்கு ஓராண்டுதான். கூரை இணைப்புகளை அவ்வப்போது பூசாவிட்டால் மழைநீர் சுவருக்குள் இறங்கும். டயர்கள் ஓடிய தூரத்தால் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். நிறுத்திவைக்க வாடகை, காப்பீடு, குளிர்காலத்துக்கு முன் குழாய்களில் உறைதடுப்புத் திரவம் ஏற்றும் செலவு ஆகியவை கடன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்துகொண்டே இருக்கும்.

விற்கும் நாளில் மறுபடி வித்தியாசம் தெரியும். ரொக்கத்தில் வாங்கியவரிடம் உரிமைச் சான்று கையில் இருக்கும். கடனில் வாங்கியவரின் சான்றில் வங்கியின் உரிமை பதிவாகியிருக்கும். பாக்கியை முழுதாக அடைத்து, வங்கி தன் உரிமையை விடுவித்த பிறகே பெயர் மாறும். விற்ற விலை பாக்கிக்குப் போதாவிட்டால், வித்தியாசத்தைச் சொந்தக்காரர் கட்டும்வரை அந்தச் சான்று வங்கியின் பிடியிலிருந்து வெளிவராது. பழைய வண்டியை வாங்குபவர் பணம் கொடுப்பதற்கு முன் இந்த ஒரு காகிதத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

(தொடரும்)