அக்கம்பக்கத்துச் செல்கள்

ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் முடக்கிய நோய் ஏ.எல்.எஸ். தசைகளுக்கு உத்தரவு அனுப்பும் இயக்க நரம்புச் செல்கள் இந்த நோயில் ஒவ்வொன்றாகச் சாகின்றன. கை வலுவிழக்கும், நடை தடுமாறும், பேச்சு குழறும், சோறு விழுங்க முடியாமல் போகும், கடைசியில் மூச்சு விடும் தசையும் கைவிடும். ஹாக்கிங் அரை நூற்றாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது விதிவிலக்கு. பெரும்பாலானவர்களுக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள்தான்.

சாவது நரம்புச் செல், ஆகவே கோளாறும் அதற்குள்ளேயேதான் இருக்க வேண்டும். இந்த எண்ணம் வெகுகாலம் கேள்வியின்றி நிலைத்திருந்தது. பரம்பரையாக வரும் ஏ.எல்.எஸ். நோய்க்கு எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் ஏற்படும் பிழை ஒரு காரணம் என்று 1993இல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பிழையைச் சுண்டெலியில் புகுத்தினால் எலிக்கும் அதே முடக்கம் வந்தது. ஆனால் பிழையுள்ள மரபணு எலியின் எல்லாச் செல்களிலும் இருந்தது. அப்படியானால் கொல்வது எது? நரம்புச் செல்லுக்குள் இருக்கும் பிழையா, சுற்றியிருக்கும் செல்களில் இருக்கும் பிழையா?

சான் டியேகோவில் டான் கிளீவ்லேண்ட், லாரன்ஸ் கோல்ட்ஸ்டீன் ஆகியோரின் ஆய்வுக் குழு 2003இல் இதற்கு விடை தேடியது. கரு உருவாகும் தொடக்கத்திலேயே பிழையுள்ள செல்களையும் பிழையற்ற செல்களையும் கலந்துவிட்டார்கள். பிறந்த எலிகளின் தண்டுவடத்தில் இரண்டு வகையும் கலந்து கிடந்தன. விளைவு எதிர்பாராதது. பிழையுள்ள இயக்க நரம்புச் செல்லைச் சுற்றி நல்ல செல்கள் இருந்தால் அது கூடுதல் காலம் பிழைத்திருந்தது. எந்தப் பிழையும் இல்லாத நரம்புச் செல்லைச் சுற்றிப் பிழையுள்ள செல்கள் இருந்தால் அதில் நோயின் அடையாளங்கள் தென்பட்டன.

அதே குழு 2006இல் இன்னும் நுட்பமாகப் பார்த்தது. பிழையுள்ள மரபணுவை இயக்க நரம்புச் செல்களில் மட்டும் குறைத்தபோது நோய் தாமதமாகத் தொடங்கியது. மைக்ரோகிளியா எனப்படும் மூளையின் காவல் செல்களில் மட்டும் குறைத்தபோது தொடக்கம் மாறவில்லை, ஆனால் நோய் முற்றும் வேகம் தணிந்தது, எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. நோய் எப்போது தொடங்கும் என்பதில் நரம்புச் செல்லுக்குப் பங்கு. எவ்வளவு வேகமாகப் போகும் என்பதில் அக்கம்பக்கத்துக்குப் பங்கு.

எஸ்.ஓ.டி.1 பிழையால் வருவது மொத்த ஏ.எல்.எஸ். நோயாளிகளில் ஏறத்தாழ 2 சதவீதத்தினருக்கு மட்டுமே. ஆகவே எலியில் கண்டதை எல்லா நோயாளிகளுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நோயாளி மருத்துவரிடம் வரும்போது நோய் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அவருக்கும் குடும்பத்துக்கும் மிச்சமிருக்கும் ஒரே கேள்வி வேகம் பற்றியது. அந்த வேகத்தில் பங்குள்ள செல்களை ஆராய இத்தனை காலம் இவ்வளவு குறைவாகப் பணம் ஒதுக்கியது பெரிய தவறு என்பதே என் எண்ணம்.

மூளையில் நரம்பல்லாத இந்தச் செல்களின் எண்ணிக்கை ஒன்றும் சொற்பமல்ல. 2009இல் வெளியான பிரேசில் ஆய்வாளர்களின் கணக்குப்படி மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. நரம்பல்லாத செல்களும் கிட்டத்தட்ட அதே அளவு. நரம்பு இழைக்கு உறை போடும் ஒலிகோடெண்ட்ரோசைட், நட்சத்திரம்போலக் கிளை விரிக்கும் ஆஸ்ட்ரோசைட், மைக்ரோகிளியா ஆகிய கிளியா செல்களும் ரத்தக்குழாய்ச் செல்களும் எல்லாம் இதில் அடக்கம். மைக்ரோகிளியாவை ஸ்பெயின் நாட்டு பியோ டெல் ரியோ ஒர்தேகா 1919லேயே வெள்ளிச் சாயம் ஏற்றித் தனியாக அடையாளம் காட்டிவிட்டார். பிறகும் பல பத்தாண்டுகள் ஆய்வுலகம் கிளியா செல்களை எடுபிடிகளாகவே நினைத்தது. அதற்குக் கருவிகளும் ஒரு காரணம். நரம்புச் செல்லில் மின்முனையை வைத்தால் துடிப்பு பதிவாகும், வரைபடம் கிடைக்கும், கட்டுரை எழுதலாம். இவை அப்படித் துடிப்பதில்லை.

இந்த மௌனத்தை உடைத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் பென் பாரெஸ். நியூயார்க்கில் நரம்பியல் மருத்துவராகப் பயிற்சி பெற்றபோது, நோயுற்ற மூளைத் திசுவில் கிளியா செல்கள் உருமாறிக் கிடப்பதை நுண்ணோக்கியில் பார்த்தார். அவை அங்கே என்ன செய்கின்றன என்ற கேள்வி அவரை விடவில்லை. மருத்துவத் தொழிலை விட்டு ஹார்வர்டில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து முனைவர் பட்டம் பெற்று, 1993இல் ஸ்டான்ஃபோர்டில் தன் ஆய்வகத்தைத் தொடங்கினார்.

அங்கே செய்த சோதனை எளிமையானது. எலியின் விழித்திரை நரம்புச் செல்களை மட்டும் தனியே பிரித்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். அவை உயிரோடு இருந்தன, ஆனால் ஒன்றோடொன்று அரிதாகவே இணைந்தன. ஆஸ்ட்ரோசைட்டுகளைச் சேர்த்ததும் சினாப்ஸ் எனப்படும் இணைப்புகள் சுமார் ஏழு மடங்கு பெருகின. இது 2001இல் வெளியானது. நாம் நினைவு என்றும் கற்றல் என்றும் சொல்வதெல்லாம் அந்த இணைப்புகளை நம்பித்தான் இருக்கின்றன.

அடுத்த கேள்வி இயல்பாக எழுந்தது. ஆஸ்ட்ரோசைட் பக்கத்தில் இருக்கும்போது நரம்புச் செல்லில் எந்த மரபணுக்கள் விழிக்கின்றன? பாரெஸின் ஆய்வகத்தில் பெத் ஸ்டீவன்ஸும் மற்றவர்களும் தேடியபோது சி1கியூ என்ற புரதம் முன்னால் வந்து நின்றது. ரத்தத்தில் கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு ‘இதை அழி’ என்று அடையாளம் வைக்கும் நோயெதிர்ப்புப் புரதம் அது. அதற்கு மூளையில் என்ன வேலை? வளரும் மூளையில் தேவையில்லாத இணைப்புகளைக் கழித்துவிட அது உதவுகிறது என்று 2007இல் காட்டினார்கள். அந்த அடையாளம் விழுந்த இணைப்புகளை மைக்ரோகிளியா விழுங்குவதை பாஸ்டனில் தன் சொந்த ஆய்வகத்தில் ஸ்டீவன்ஸ் 2012இல் காட்டினார். 2016இல் அல்சைமர் மாதிரி எலிகளில், மூளையில் படிவுகள் சேர்வதற்கு முன்பே இதே வழியில் இணைப்புகள் அழிவது தெரிந்தது. குழந்தை மூளையைச் செதுக்கும் ஏற்பாடு முதுமையில் தவறான நேரத்தில் மறுபடியும் விழித்துக்கொள்கிறதோ என்ற சந்தேகம் இன்று நரம்பியலின் பெரிய கேள்விகளில் ஒன்று.

விழித்திரைச் செல்லில் தொடங்கிய வேலை அல்சைமரில் வந்து நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். 2001இல் ‘இதனால் எந்த நோய் குணமாகும்?’ என்று கேட்டிருந்தால் யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. ஆனால் ஆய்வுக்குப் பணம் தரும் அமெரிக்காவின் தேசிய சுகாதார அமைப்பில் 27 நிறுவனங்களும் மையங்களும் உள்ளன. கண்ணுக்கு ஒன்று, முதுமைக்கு ஒன்று, மனநலத்துக்கு ஒன்று, நரம்பு நோய்க்கு ஒன்று என்று பணம் பெரும்பாலும் உறுப்புவாரியாகவும் நோய்வாரியாகவும் பிரிகிறது. கிளியா செல்லோ எல்லா நோயிலும் இருக்கிறது. எல்லாருக்கும் பொதுவான பொருளுக்குத் தனி உரிமையாளர் கிடைப்பது கடினம்.

மரபணு ஆய்வு அல்சைமர் பக்கமிருந்தும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. டிரெம்2 என்ற மரபணுவின் ஒரு அரிய வடிவம் அல்சைமர் அபாயத்தைச் சுமார் மூன்று மடங்காக்குகிறது என்று இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. கட்டுரைகள் 2013 தொடக்கத்தில் அச்சாயின. மூளையில் இந்த மரபணு வேலை செய்வது முக்கியமாக மைக்ரோகிளியாவில். உண்மையில் துப்பு பத்தாண்டு முன்பே கிடைத்திருந்தது. பின்லாந்திலும் ஜப்பானிலும் முதலில் விவரிக்கப்பட்ட நாசு-ஹகோலா என்ற அபூர்வ நோயில் இளம் வயதிலேயே எலும்பு முறியும், நாற்பதுகளில் மறதி நோய் பிடிக்கும். அதற்கு டிரெம்2 பழுதானது ஒரு காரணம் என்று 2002இல் தெரிந்துவிட்டது. ஆனால் சில குடும்பங்களில் மட்டும் வரும் நோய்க்கு யார் பெரிய நிதி தருவார்கள்?

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. அமெரிக்க அரசு அல்சைமருக்கும் அதைச் சார்ந்த மறதி நோய்களுக்கும் ஆண்டுக்கு 300 கோடி டாலருக்கு மேல் ஆய்வு நிதி ஒதுக்கும் நிலைக்கு வந்தது. மருந்து நிறுவனங்களும் கிளியாவைத் தேடி வந்தன. ஆனால் கிளியாவைக் குறிவைத்த முயற்சிகளில் சில அடிகளும் விழுந்தன. நம்மூர் மருத்துவமனைகளில் அன்றாடம் போடும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி, ஆஸ்ட்ரோசைட்டுகள் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை உறிஞ்சும் திறனைக் கூட்டுகிறது என்று 2005இல் ஜெஃப்ரி ராத்ஸ்டீன் குழு எலியில் கண்டது. ஏ.எல்.எஸ். நோயாளிகள் 500 பேருக்கு மேல் சேர்ந்த பரிசோதனையில் அது பயன் தரவில்லை. டிரெம்2ஐத் தூண்டும் ஏஎல்002 என்ற மருந்தும் 2024 இறுதியில் அல்சைமர் நோயாளிகளிடம் பலிக்கவில்லை.

இந்தத் தோல்விகளைக் காட்டி ‘கிளியா கதை முடிந்தது’ என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. மைக்ரோகிளியா நோயின் ஒரு கட்டத்தில் குப்பையை அள்ளிக் காக்கிறது, இன்னொரு கட்டத்தில் நல்ல இணைப்பையே தின்கிறது. எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் அதைத் தூண்டுவதும் அடக்குவதும் இருட்டில் ஊசி போடுவதுதான். அடிப்படை அறிவு போதாத இடத்தில் மருந்து முந்திவிட்டது. அடிப்படை ஆய்வுக்கான பணத்தைக் கூட்டத்தான் இது காரணமாக வேண்டும்.

பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதற்கும் பாரெஸ் ஒரு வழி காட்டினார். மூளைச் செல்களின் ஒவ்வொரு வகையிலும் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்ற தரவுத்தொகுப்பை 2014இல் இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். தன்னிடம் பயின்றவர்கள் போகும்போது தங்கள் ஆய்வையும் கையோடு கொண்டுபோக விட்டார். புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த 2017இலும், இளம் ஆய்வாளர்களின் வழியை மறிக்காதீர்கள் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அந்த டிசம்பரில் 63 வயதில் இறந்தார். மறு ஆண்டே சான்-சக்கர்பெர்க் அமைப்பு அவர் பெயரில் 17 இளம் ஆய்வாளர்களுக்கு நல்கை அறிவித்தது. மற்ற துறைகளிலிருந்து நரம்புச் சிதைவு நோய்களின் பக்கம் வருபவர்களையும் அது வரவேற்றது. நரம்புச் செல்லையே பார்த்துப் பழகாத கண்கள் இந்தத் துறைக்கு மிகவும் தேவை.

அடுத்ததாகப் பணம் போக வேண்டிய இடம் உயிரோடிருக்கும் மனிதரின் மூளையில் இந்தச் செல்களைப் பார்க்கும் வழி. இன்று பெட் ஸ்கேனில் டிஎஸ்பிஓ என்ற புரதத்தில் ஒட்டும் கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் பார்க்கிறார்கள். மைக்ரோகிளியா மிகுந்திருக்கும் பகுதி ஒளிரும். ஆனால் அவை காக்கின்றனவா கெடுக்கின்றனவா என்று படம் சொல்வதில்லை. அதோடு, ஒருவரின் மரபணு வடிவத்தைப் பொறுத்து இந்தப் பொருட்கள் பலவும் கூடவோ குறையவோ ஒட்டுகின்றன. இதைவிடத் துல்லியமான பொருளைச் செய்ய வேதியியலாளரும் மருத்துவரும் பல ஆண்டுகள் சேர்ந்து உழைக்க வேண்டும். விற்பனைக்கு மருந்து எதுவும் கையில் இல்லாத அந்த வேலையில் நிறுவனங்கள் பெரிதாக இறங்கப்போவதில்லை. அரசும் அறக்கட்டளைகளும்தான் அந்தச் செலவை ஏற்க வேண்டும்.