பாங்கன் எங்கே? – ஆண் வாசகர்க்குரிய மெய்க்காதற் புனைவின் அருமை: குறுந்தொகை முதல் வாணியம்பாடிக் கஸல் வரை

முன்னுரை

காதலைப் பாடுபொருளாகக் கொண்ட படைப்புகளுக்கு எக்காலத்தும் குறைவில்லை. ஆயினும், ஆண் வாசகரை முதன்மையாகக் கருதி, காதலை நகைச்சுவைக்கோ வீரச்செயலுக்கோ காமக் கிளர்ச்சிக்கோ துணையாக்காமல், அதனையே மையமாக நிறுத்தும் படைப்புகள் அரியன. இத்தகையவற்றை இக்கட்டுரை ‘மெய்க்காதற் புனைவு’ எனக் குறிக்கிறது.

இவ்வருமை ஜப்பானிய அனிமேயில் வெளிப்படையாகப் புலப்படுகிறது. அனிமேக்கள் பலவற்றிற்கு மூலமாகிய படக்கதை இதழ்கள், வாசகரின் பாலையும் வயதையும் நோக்கி அங்கு வகுக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். சிறுவர்க்குரியது ஷோனென், சிறுமியர்க்குரியது ஷோஜோ, வளர்ந்த ஆடவர்க்குரியது செய்னென். உள்ளத்து உணர்வை நேர்நின்று பேசும் காதற்கதை பெரும்பாலும் ஷோஜோவின் பங்காயிற்று. ஆடவர்க்குரிய இதழ்களில் காதல் பெரிதும் நகைச்சுவையின் போர்வையிலேயே இடம்பெற்றது. ருமிகோ தகாஹஷி 1980 முதல் 1987 வரை செய்னென் இதழொன்றில் எழுதிய ‘மேசான் இக்கோகு’ இதற்குச் சிறந்த விலக்கு. 96 பகுதிகள் கொண்ட அனிமேயாகவும் வெளிவந்த இக்கதையில், கைம்பெண் ஒருத்தியை விரும்பும் ஏழை மாணவன் கொதாயை உடன் குடியிருப்போர் ஓயாது கேலி செய்கின்றனர். எனினும் அவர்களே அவனது காதலின் நீண்ட காலச் சாட்சிகளாகவும் அமைகின்றனர். காதலனைச் சூழ்ந்திருப்போர் அவன் சொல்லை எவ்வாறு கேட்கின்றனர் என்பது இங்குக் கதையின் உயிர்நிலையாகிறது.

ஆண் வாசகர்க்குரிய மெய்க்காதற் புனைவு அருகியதற்கு ஆணின் இயல்பு காரணமன்று. காதலுற்ற ஆணின் சொல்லைச் செவிமடுக்கும் மற்றோர் ஆணாகிய ‘பாங்கன்’ என்னும் நிலை சிதைந்ததே காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. குறுந்தொகையும் கோவையும் இதற்கு அடிப்படைச் சான்றுகள். இவற்றின் தொடர்ச்சியாக, வேலூர் – ஆம்பூர்த் தோல் தொழில் வட்டாரத்தோடு தொடர்புடைய மு. வரதராசன், அப்துல் ரகுமான் ஆகிய இருவரின் படைப்புகள் ஆராயப்படுகின்றன.

கேட்பவன் என்னும் இலக்கண நிலை

களவொழுக்கத்தில் கூற்று நிகழ்த்துதற்கு உரியோராகத் தொல்காப்பியச் செய்யுளியல் பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, கிழவன், கிழத்தி ஆகிய அறுவரைச் சுட்டுகிறது. களவியலோ ‘பாங்கன் நிமித்தம்’ பன்னிரண்டு என வரையறுக்கிறது. தலைவிக்குத் தோழி போலத் தலைவனுக்கும் ஒரு செவி வேண்டும் என்பதை இலக்கணமே ஏற்றுக்கொண்டுள்ளது.

பாங்கன் எளிதில் இணங்குபவன் அல்லன். காதலால் தளர்ந்த தலைவனை அவன் முதலில் இடித்துரைக்கிறான். இது கழறல். தலைவன் அதனை மறுத்துத் தன் நிலையை விளக்குவது கழற்றெதிர்மறை. குறுந்தொகை 58ஆம் பாடல் இத்துறைக்குச் சிறந்த சான்று. இடித்துரைக்கும் நண்பர்களிடம், இந்நோயைத் தடுத்து நிறுத்த உங்களால் இயலுமாயின் நன்று என்கிறான் தலைவன். வெயில் காயும் பாறைமேல் வைத்த வெண்ணெய் உருகிப் பரவுகிறது. காவலிருப்பவனோ கையில்லாதவன், வாய் பேசாதவன். அவனால் கண்ணால் பார்த்திருக்க மட்டுமே இயலும். அவ்வாறே தன்னுள் நோய் பரவுகிறது என்பது அவன் விடை. இதனைப் பாடியவர் வெள்ளிவீதியார் என்னும் பெண்பாற் புலவர் என்பது நோக்கத்தக்கது. ஆண் தன் கையறு நிலையை மற்றோர் ஆணிடம் ஒப்புக்கொள்ளும் சொல்லைப் பெண்ணொருவர் படைத்துத் தந்துள்ளார்.

மிளைப்பெருங்கந்தனாரின் இரு பாடல்கள் (136, 204) இவ்வுரையாடலின் இரு பக்கங்களையும் காட்டுவன. முன்னதில் தலைவன், காமம் புறத்திருந்து வந்து பற்றும் அணங்கும் அன்று, பிணியும் அன்று என்கிறான். தழையுண்ட யானையின் மதம்போல உள்ளிருந்து காலம் பார்த்து வெளிப்படுவது என்பது அவன் விளக்கம். பின்னதில் பாங்கன், மேட்டுநிலத்து இளம்புல்லைக் கிழப்பசு நாவால் தடவி இன்புறுவதைப் போன்றதே காமம் எனச் சொல்லி அதன் பெருமையைக் குறைக்கிறான். ஒரே புலவர் இரு தரப்புக்கும் நிகரான ஆற்றலை வழங்கியுள்ளார். பாங்கனின் எள்ளல் தலைவனின் மெய்ம்மையை அழிக்கவில்லை. அதனை விளக்கமாகச் சொல்லும் கடப்பாட்டைத் தலைவனுக்கு ஏற்படுத்துகிறது.

கழறலிலிருந்து நம்பிக்கைக்கு

பிற்காலக் கோவை இலக்கியம் இவ்வுரையாடலைத் தொடர்நிகழ்ச்சியாக விரித்தது. 400 பாடல்கள் கொண்ட திருக்கோவையாரில் ‘பாங்கற்கூட்டம்’ மட்டும் 30 பாடல்களைப் பெற்றுள்ளது. பாங்கன் தலைவனின் மெலிவு கண்டு வினவுகிறான், கழறுகிறான், தலைவன் மறுக்கிறான், பாங்கன் நொந்து, அவள் இருக்கும் இடத்தையும் இயல்பையும் கேட்டறிகிறான், தானே சென்று காண்கிறான். அங்கு ‘தலைவனை வியந்துரைத்தல்’ என்றொரு துறை உண்டு. இத்தகையவளைப் பிரிந்து வந்து, தன் இடிப்புரையையும் பொறுத்து நின்ற தலைவனே திண்ணியன் எனப் பாங்கன் வியக்கிறான்.

ஐயத்தில் தொடங்கி வியப்பில் முடியும் இப்பாங்கனின் பயணமே ஆண் வாசகனின் பயணமும் ஆகும். காதலை நம்பாத வாசகனுக்குப் பாங்கனின் ஐயம் நுழைவாயிலாகிறது. அவனது வியப்பு வாசகனின் இணக்கமாகிறது. கழறல், எதிர்மறை, காண்டல், வியத்தல் என்னும் இந்நான்கும் ஒருங்கே நிற்கும்போதுதான் ஆணின் காதல் நகைப்புக்கு இடமாகாமலும் தற்பெருமையாகாமலும் நிலைபெறுகிறது.

கழறல் மட்டும் எஞ்சிய ‘அகல் விளக்கு’

வாலாஜாப்பேட்டையை அடுத்த வேலத்தில் 1912இல் பிறந்து, திருப்பத்தூரில் தமிழாசிரியராகப் பணியாற்றிய மு. வரதராசன், சங்க இலக்கியத்தில் தோய்ந்தவர். குறுந்தொகை விளக்க நூல்களும் எழுதியவர். 1961இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற அவரது ‘அகல் விளக்கு’ வாலாஜாப்பேட்டையில் தொடங்குகிறது. வேலய்யன் தன் நண்பன் சந்திரனின் வாழ்வைத் தன்கூற்றாகச் சொல்கிறான். எனவே இது ஒரு பாங்கனின் கூற்றாக அமைந்த நாவல் எனலாம்.

சென்னையில் கல்லூரி மாணவனாகிய சந்திரன், இமாவதியின் நட்பைக் காதலெனக் கொள்கிறான். அவளுக்கு வேறொருவருடன் மணம் நிகழவிருப்பதை அறிந்து நிலைகுலைகிறான், கல்வியைக் கைவிடுகிறான், நெறிதவறிய வாழ்வில் நோயுற்று மடிகிறான். வேலய்யனின் அன்பு ஐயத்திற்கு இடமற்றது. ஆயினும் அவன் செய்வது பெரும்பாலும் கழறலே. சந்திரன் தன் உள்ளத்தைத் தன் சொல்லால் நிறுவும் எதிர்மறைக்கு நாவலில் போதிய இடமில்லை. பளிச்சென எரிந்து அடங்கும் சுடராகச் சந்திரனும், அமைதியாக ஒளிரும் அகலாக வேலய்யனும் காட்டப்படும் அமைப்பே தீர்ப்பை முன்னரே வழங்கிவிடுகிறது. காதல் இங்கு எச்சரிக்கையாகிறது.

இதனை ஆசிரியரின் குறையாகக் கொள்வதற்கில்லை. இளைஞரை நல்வழிப்படுத்தல் அவர் ஏற்ற பணி. எனினும் சங்கப் பாங்கனை நன்கறிந்த ஒருவரின் நாவலிலேயே பாங்கன் அறவுரையாளனாக மட்டும் சுருங்கியமை, நவீனக் காலத்தின் பொதுப்போக்கைக் காட்டுகிறது. ஒருபுறம் காதல் நாவல், ரமணிசந்திரனின் ஆக்கங்கள் காட்டுவதுபோல், பெண் வாசகர்க்குரிய வகைமையாக நிலைபெற்றது. மறுபுறம் ஆடவர்க்குரிய வெகுசனப் புனைவு துப்பறியும் கதையை நோக்கிப் பெருகியது.

திரையில் நகைப்பாளனான பாங்கன்

தமிழ்த் திரைப்படத்தில் ஆணின் காதலுக்குப் பஞ்சமில்லையே என்னும் மறுப்பு எழக்கூடும். அளவில் பஞ்சமில்லை என்பது உண்மை. ஆனால் அங்குக் காதல் பெரும்பாலும் துரத்தலாகவோ சண்டையாகவோ செயல்வடிவம் பெறுகிறது. அதனைக் கேட்கும் நண்பன் நகைச்சுவை நடிகனாக மாறிவிட்டான். சங்கப் பாங்கனின் எள்ளலுக்குத் தலைவன் விடை தந்தான். திரை நண்பனின் எள்ளலுக்கு அரங்கின் சிரிப்பே விடையாகிறது. அவன் தலைவனைத் தூண்டுகிறான் அல்லது நகைக்கிறான், ‘அவளுக்கு விருப்பமுண்டா?’ என்று கழறுவது அரிது.

விலக்குகளும் உள. கதிர் இயக்கிய ‘இதயம்’ (1991) சொல்ல இயலாத ஆணின் தயக்கத்தையே பொருளாக்கியது. பிரேம்குமாரின் ‘96’ (2018) பள்ளிக்காலக் காதலைச் சுமந்திருக்கும் ஆணை நகைப்புக்கு உள்ளாக்காமல் காட்டியது. இவை பெற்ற வரவேற்பு, ஆண் பார்வையாளரிடம் இவ்வுணர்வுக்கான வேட்கை உண்டு என்பதையே உணர்த்துகிறது.

வாணியம்பாடிக் கஸல்

பாலாற்றையொட்டி இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி எனத் தொடரும் தோல் தொழில் நகரங்களில் தமிழும் உருதும் அருகருகே வழங்குகின்றன. உருது மரபின் முஷாயிரா அவையில், காதலை உரைக்கும் கவிஞரின் ஈரடிகளை அவையோர் திரும்பச் சொல்லியும் ‘வாஹ்’ எனப் பாராட்டியும் ஏற்கின்றனர். மரபாக ஆடவர் நிறைந்திருந்த இவ்வவையில், ஓர் ஆணின் காதல் துயரைப் பல ஆண்கள் நகைக்காமல் கேட்டனர். அவையே பாங்கனாயிற்று. கஸலில் பாடுவோன் தன் தோல்வியை மறைப்பதில்லை. ஈரடிதோறும் முழுமை பெறும் அவ்வடிவம், கதையின் வெற்றி தோல்வியைச் சாராமல் உணர்வின் கணத்தை மட்டும் நிறுத்துகிறது. அகப்பாடலின் தனிநிலைக் கூற்றோடு இது நெருங்கிய உறவுடையது.

1919இல் தொடங்கப்பெற்ற வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக நெடுங்காலம் பணியாற்றிய கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017), கஸலைத் தமிழுக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர். ‘மின்மினிகளால் ஒரு கடிதம்’ என்னும் அவரது கஸல் தொகுப்பு, காதலுற்ற ஆணின் குரலை அறவுரைக்கோ நகைப்புக்கோ உட்படுத்தாமல் ஒலிக்கச் செய்தது. அப்துல் ரகுமானின் கஸலைப் புறவரவு என்று மட்டும் கருதுவது பொருந்தாது. தமிழ் மரபில் வெறுமையுற்றிருந்த பாங்கனின் இடத்தை, அண்டை மொழியின் அவைமரபு நிரப்பியது எனக் கொள்வதே பொருத்தம்.

மடலும் மெய்ம்மையும்

ஆணின் காதற்கூற்று அனைத்தையும் போற்றத்தக்கதெனக் கொள்ளல் ஆகாது. குறுந்தொகை 17ஆம் பாடல் மடலேறுதலைப் பேசுகிறது. ஊரறியத் தன்னை வருத்திக்கொண்டு இணக்கத்தை வேண்டும் மடல், அச்சுறுத்தலின் சாயல் உடையது. ஆயின் மடற்கூற்றைத் தலைவன் தோழியிடம் நிகழ்த்துகிறான். அது குறைநயப்பை வேண்டிய கூற்று. பாங்கனிடம் நிகழ்த்தும் கழற்றெதிர்மறையோ, தன் நிலை புரிந்துகொள்ளப்பட வேண்டும் என்பதை முதன்மையாகக் கொண்டது. பாங்கன் பின்னர் உதவினும், அச்சொல் தலைவியை நெருக்குவதில்லை.

இவ்வேறுபாடு இன்றைக்கும் இன்றியமையாதது. மறுத்த பெண்ணைத் தாக்கும் கொடுமைகள் நம் சமூகத்தில் தொடர்கின்றன. அவற்றின் காரணங்கள் பல. புனைவு ஒன்றினால் அவை தீரா. எனினும் தன் ஏக்கத்தைச் சொல்ல ஒரு மொழியும், அதனை நகைக்காமல் கேட்டு, தவறெனின் இடித்துரைக்கும் ஒரு நண்பனும் வாய்க்கும் ஆண், மறுப்பை இழிவாகக் கருதாமல் துயரமாகத் தாங்கும் வாய்ப்பு மிகுதி. அம்மொழியைப் பயிற்றுவது இலக்கியத்தின் பணிகளுள் ஒன்று.

முடிவுரை

ஆண் வாசகர்க்குரிய மெய்க்காதற் புனைவு தமிழுக்குப் புதியது அன்று; அதற்கான இலக்கணம், பாங்கன் கூற்று என்னும் பெயரில் நம்மிடம் உண்டு. நவீன நாவல் பாங்கனின் கழறலை மட்டும் கைக்கொண்டது. திரைப்படம் அவனது எள்ளலை மட்டும் கைக்கொண்டது. தலைவனின் எதிர்மறையும் பாங்கனின் வியப்பும் இரண்டிலும் தேய்ந்தன. வாணியம்பாடிக் கஸல் அவற்றுக்கு மீண்டும் ஓர் அவையைத் தந்தது. காதற் புனைவை ஆராய்வோர் தலைவன், தலைவி கூற்றுகளோடு நின்றுவிடாமல், தலைவனின் சொல்லைக் கேட்பவன் யாவன், அவன் எவ்வாறு கேட்கிறான் என்பதையும் அளவுகோலாகக் கொள்வராயின், இவ்வகைமையின் அருமைக்கான காரணம் மேலும் துலங்கும்.