புதிர்வழி ஓடும் பொறியெலி

எலிப்பொறி என்றால் யாவர்க்கும் தெரியும். எலியைப் பிடிக்கும் பொறி அது. ஈண்டு யாம் கூறப்புகுவது பொறியெலி. அஃதாவது, பொறியே எலியாய் அமைந்தது. அதற்கு உயிரில்லை, வாலுமில்லை. ஆயினும், முன்பின் கண்டறியாத புதிர்வழியொன்றினுள் நுழைந்து, மனிதர் துணை சிறிதுமின்றித் தானே வழிதேடி நடுவிடத்தை அடையவல்லது. மாணவரும் ஆர்வலரும் தம் வீட்டு மேசையில் ஆக்கிய இத்தகைய எலிகளை ஓடவிட்டுப் பார்க்கும் போட்டிகள் நாற்பதாண்டுகளுக்கு மேலாகப் பல நாடுகளில் நடைபெற்று வருகின்றன. அவை புகட்டும் பாடம் பொறியியல் பயில்வோர்க்கு மட்டும் உரியதன்று.

இவ்வெண்ணத்திற்கு முன்னோடியானவர் அமெரிக்க அறிஞர் குளோட் சனன். 1950ஆம் ஆண்டில் அவர் 25 கட்டங்கள் கொண்ட புதிர்வழியில் 'தீசியசு' என்னும் எலியை ஓடவிட்டார். ஒருமுறை தட்டித் தடவிக் கண்ட வழியை அது மறுமுறை பிழையின்றிச் சென்றது. ஆனால் அதன் மூளை எலியின் உடலில் இருக்கவில்லை. தரைக்கடியில் மின்காந்த ஆளிகளாய்ப் பரந்து கிடந்தது. தன் மூளையைத் தானே சுமந்து செல்லும் எலி, நுண்கணினி தோன்றிய பின்னரே கைகூடியது.

1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 'ஸ்பெக்ட்ரம்' என்னும் பொறியியற் சஞ்சிகை இவ்வெலிகளுக்கென ஒரு போட்டியை அறிவித்தது. ஏறத்தாழ 6000 பேர் பெயர் கொடுத்தனர். 1979இல் நியூயோர்க்கில் நடந்த இறுதிப் போட்டியில் ஓடிய எலிகளோ 15 அளவினவே. பெயர் கொடுத்தல் எளிது, எலியைக் கொணர்தல் அரிது என்பதனை இவ்வெண்களே உணர்த்தும். அன்று நிகழ்ந்த இன்னொன்று இதனினும் வியப்பானது. வழியை ஆராய்ந்து நினைவிற் கொண்ட எலிகளை, ஆராய்ச்சியே இல்லாத எலியொன்று வென்றது. ஒரு சுவரைப் பற்றிக்கொண்டு கண்மூடி விரைவதே அதன் உபாயம். நுழைவாயிலும் வெளிவாயிலும் ஓரத்திலே இருந்தமையால் அவ்வுபாயம் பலித்தது.

இக்குறையை நீக்கியவர் இங்கிலாந்தின் போட்ஸ்மத் நகரத்துப் பேராசிரியர் யோன் பில்லிங்சிலி. அவர் இலக்கை ஓரத்திலிருந்து நடுவிற்கு மாற்றினார். நடுவிடத்தைச் சூழ்ந்த சுவர்கள் வெளிச்சுவரோடு தொடர்பற்று நிற்குமாயின், சுவரைப் பற்றிச் செல்லும் எலி சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். ஒரு விதியின் மாற்றம் விரைவைத் தாழ்த்தி அறிவை உயர்த்தியது. 1980இல் இலண்டனில் நடந்த போட்டியில் நிக் சிமித் என்பவரின் எலி நடுவிடத்தைச் சேர்ந்ததோடு, சேர்ந்துவிட்டதைத் தானே அறிந்தும் நின்றது. அவ்வாண்டிலேயே யப்பானிலும் இப்போட்டி வேரூன்றியது.

போட்டிக் களம் வழக்கமாகப் பக்கத்துக்கு 16 ஆக 256 அறைகள் கொண்டது. ஓர் அறையின் பக்கம் 18 சென்ரிமீற்றர். சுவரின் உயரம் 5 சென்ரிமீற்றர். எலி சுவரைத் தாண்டுதலோ ஏறுதலோ ஆகாது. களத்தின் அமைப்பு வெளியான பின்னர் அதனை எலிக்குப் புகட்டுதலும் ஆகாது. குறித்த சில நிமிடங்களுள் பலமுறை ஓடலாம். அவற்றுள் மிகக் குறைந்த நேரமே முதன்மையாகக் கொள்ளப்படும்.

எலி சிந்திக்கும் முறையை நம் தோட்டத்து இறைப்பைக் கொண்டு விளக்கலாம். 256 பாத்திகளுள் நடுப்பாத்தியில் நீர் பாய்ச்சுவதாகக் கொள்க. அப்பாத்திக்கு எண் 0. நீர் அடுத்துச் சேரும் பாத்திகளுக்கு 1; அவற்றுக்கு அடுத்தவற்றிற்கு 2. இவ்வாறே எல்லாப் பாத்திகளும் எண் பெறும். தொடக்கத்தில் உட்சுவர்களே இல்லை எனக் கருதும் எலி, எப்போதும் சிற்றெண் உள்ள பாத்தியை நோக்கி நகரும். எதிரே சுவரொன்றைக் கண்டதும் அங்கே வரம்பு கட்டி, நீரை மீண்டும் பாய்ச்சி, எண்களைத் திருத்தும். தான் முன்பு எண்ணியது பிழையென்று கண்டவுடன் திருத்திக்கொள்வதே அதன் அறிவு. முதலோட்டத்தில் மெல்லச் சென்று நன்கு பார்த்த எலியே பின்னோட்டத்தில் அஞ்சாது விரையும். அப்போதும் குறுகிய வழியே சிறந்த வழி என்பதில்லை. திருப்பங்கள் மலிந்த குறுவழியினும் நேராய் நீண்ட வழி விரைவிற் கடக்கத்தக்கதாகலாம்.

இனி உடலின் இடர்ப்பாடு. சில்லின் சுழற்சியை எண்ணியே எலி தூரத்தை அளக்கின்றது. ஓர் அறைக்கு அரைச் சென்ரிமீற்றர் பிழைத்தால் 16 அறைகளில் 8 சென்ரிமீற்றர் பிழைக்கும். அஃது ஏறக்குறைய அரை அறை! ஆதலின் இருபுறச் சுவர்களையும் செந்நிறக்கீழ்க் கதிர்களால் அடிக்கடி பார்த்துத் தன் இடத்தைச் சரிசெய்தல் வேண்டும். வீட்டில் அழகாய் ஓடிய எலி மண்டபத்தில் தடுமாறுவது புதினமன்று. யன்னல் வெயிலும் மண்டப விளக்கும் அதன் கண்ணை மயக்கும். தூசு படிந்த சில்லு வழுக்கும். மின்கலம் தளர்ந்தால் நேற்றைய கணக்கு இன்றைக்கு ஒவ்வாது. எனவே, போட்டிக்குச் செல்வோர் ஒளியளவை அங்கேயே மறுபடி சீர்செய்தற்கு வழிவைத்தும், உதிரி மின்கலங்கள் கொண்டும் செல்வார்களாக. சில்லைத் துடைக்கவும் மறவாதிருப்பார்களாக. முன்னிரவில் புதிய மாற்றமெதுவும் செய்யாதிருத்தல் நன்று.

2011இல் யப்பானில் ஓடிய எலியொன்று நான்கு செக்கனுக்குள் நடுவிடத்தை எட்டியது. அதனைக் கேட்டு, மேசையில் பாதியாய்க் கிடக்கும் தன் எலியை எந்த மாணவனும் மறைத்து வைத்தல் தகாது. சுவரில் மோதி நின்ற எலியும் களத்தை அடைந்த எலியே. எங்கே மோதியது, ஏன் மோதியது என்பதனை அது தன்னை ஆக்கியவனுக்குக் கற்பித்துவிடுகின்றது. மனத்திலே மட்டும் ஓடும் எலி எத்துணை விரைவினதாயினும் ஒன்றையும் கற்பிப்பதில்லை. ஆறாயிரவருள் ஒருவராய் நிற்பதோ பதினைவருள் ஒருவராய் நிற்பதோ, அதனைத் தீர்மானிப்பது அறிவின் மிகுதி அன்று. தொடங்கியதைக் களம்வரை கொண்டுசெல்லும் உறுதியே.