மெல்லச் செல்லும் மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிள் என்றாலே அதன் வேகத்தைப் பெரிதாகப் பேசுவது உலக வழக்கம். ஆனால் அதை எவ்வளவு மெதுவாக, எவ்வளவு நிதானமாகச் செலுத்த முடியும் என்பதையே சோதிக்கும் போட்டி ஒன்று உண்டு. 'டிரையல்ஸ்' என்று அழைக்கப்படும் அந்தச் சோதனை ஓட்டத்தின் நுட்பங்களையும், அதற்கு வண்டியை ஆயத்தமாக வைத்திருக்கும் முறையையும் இங்கே நாம் ஆராயப் போகிறோம். மலையும் பாறையும் இல்லாத மட்டாஞ்சேரியில் வாழும் நமக்கு இதனால் என்ன பயன் என்று நேயர்கள் கேட்கலாம். பயன் உண்டு என்பதே நமது கருத்து.

முதலில் போட்டியின் இயல்பைக் காண்போம். பாறை, சேறு, ஓடை, செங்குத்தான மேடு ஆகியவை நிறைந்த குறுகிய பாதை ஒன்றை எல்லைக் குறிகள் நட்டு வகுத்திருப்பார்கள். ஓட்டுபவர் காலைத் தரையில் ஊன்றாமல் அதைக் கடக்க வேண்டும். ஒரு முறை கால் ஊன்றினால் ஒரு குற்றப்புள்ளி. இரு முறை ஊன்றினால் இரண்டு. அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று. பாதையைக் கடக்க முடியாமல் தோற்றால் ஐந்து. இறுதியில் யாருக்குக் குற்றப்புள்ளி குறைவோ அவரே வென்றவர். ஸ்காட்லாந்தில் ஆறு நாள் நடைபெறும் புகழ்பெற்ற போட்டியின் வரலாறு 1909ஆம் ஆண்டில் தொடங்குகிறது. உலக சாம்பியன் பட்டத்திற்கான டிரையல்ஸ் போட்டிகள் 1975 முதல் நடைபெற்று வருகின்றன.

தமிழர்க்கு நன்கு அறிமுகமான ஒரு வண்டிக்கும் இந்தப் போட்டிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அது ராயல் என்ஃபீல்டு புல்லட். 1948இல் இத்தாலியின் சான் ரெமோ நகரில் நடந்த பன்னாட்டு ஆறு நாள் போட்டியில், இங்கிலாந்தின் ரெடிச் தொழிற்சாலை உருவாக்கிய முன்மாதிரிப் புல்லட்டுகளை ஓட்டியவர்கள் தங்கப் பதக்கம் பெற்றனர். அந்த வண்டிகளின் பின்சக்கரம், அதிர்ச்சி தாங்கிகளுடன் மேலும் கீழும் அசையும் கவையில் பொருத்தப்பட்டிருந்தது. பின்சக்கரம் அசையாமல் இறுகியிருந்தால்தான் மண்ணில் பிடிப்பு உண்டாகும் என்பது அந்நாளில் பலர் கொண்டிருந்த கொள்கை. பள்ளம் மேடுகளில் சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் தொடர்ந்து செல்வதே மெய்யான பிடிப்பு என்பதைப் புல்லட் மெய்ப்பித்துக் காட்டியது. பின்னர் ஜானி பிரிட்டன் என்ற வீரர் ராயல் என்ஃபீல்டு வண்டியில் 1952இலும் 1957இலும் ஸ்காட்லாந்துப் போட்டியை வென்றார். இதற்கிடையே 1955இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் அமைந்தது. திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. ரெடிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்ட பின்னரும் திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. பழைய போட்டி வெற்றிகளின் நினைவாக 'புல்லட் டிரையல்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு வண்டி 2019இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்து, சிறிது காலத்திற்குப் பின் நிறுத்தப்பட்டது.

இனி மட்டாஞ்சேரிக்கு வருவோம். கல்வத்தியிலிருந்து அரண்மனைப் பக்கம் வரும் பஜார் ரோடு, மிளகும் சுக்கும் அரிசியும் ஏற்றி இறக்கும் பண்டகசாலைகளின் நடுவே செல்வது. ஒருபுறம் லாரி பின்வாங்கும். மறுபுறம் கைவண்டி நிற்கும். இடையே மூட்டை சுமப்பவர் குறுக்கிடுவார். கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழையோடு கடலேற்றமும் சேர்ந்துகொண்டால் சாக்கடை நீர் வடிய வழியின்றிச் சந்துகளில் தேங்கும். இத்தகைய தெருவில் மணிக்கு 80 கிலோமீட்டர் ஓடும் திறமையால் எவருக்கும் நன்மையில்லை. மணிக்கு 5 கிலோமீட்டரில் தடுமாறாமல் செல்லும் திறமையே வேண்டும். மெதுவாக விழுவதுதானே என்று எண்ணலாகாது. விழும் இடத்திற்கு அருகில் லாரிச் சக்கரம் உருளுமானால் அது உயிருக்கே ஆபத்தாக முடியும். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து, பழைய வண்டி ஒன்றை வாங்கி, அதில் சரக்குக் கட்டிச் செல்லும் நம்மவர்க்கு இது நாள்தோறும் உள்ள ஆபத்து.

வேகமாகச் செல்லும் வண்டி பெரும்பாலும் தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். மெல்லச் செல்லும்போது அந்த உதவி கிடைப்பதில்லை. சமநிலை முழுவதும் ஓட்டுபவரின் பொறுப்பாகிறது. டிரையல்ஸ் வீரர் இதற்கு நான்கு வழிகளைக் கையாளுகிறார்.

முதலாவது, பார்வை. முன்சக்கரத்தைக் குனிந்து பார்ப்பவர் நிச்சயமாகத் தடுமாறுவார். சில மீட்டர் தொலைவில், தாம் செல்ல விரும்பும் வழியையே பார்க்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்தால் வண்டி பள்ளத்திற்கே செல்லும். பள்ளத்தின் பக்கத்து வழியைப் பார்த்தால் வண்டியும் அவ்வழியே செல்லும்.

இரண்டாவது, கிளச்சும் பின்பிரேக்கும் இணைந்து செய்யும் வேலை. முதல் கியரில் ஆக்சிலேட்டரைச் சற்றே திருகி, எஞ்சின் ஒரே சீராக ஓடும் நிலையில் கையை அசையாமல் வைத்திருக்க வேண்டும். கிளச்சை முழுவதும் விடாமலும் முழுவதும் பிடிக்காமலும், வண்டி நகரத் தொடங்கும் அந்த இடத்திலேயே ஒன்றிரண்டு விரல்களால் நிறுத்திக்கொள்ள வேண்டும். வேகம் மிகுந்தால் ஆக்சிலேட்டரை மூடுவதில்லை; பின்பிரேக்கை மெல்ல அழுத்த வேண்டும். எஞ்சின் முன்னே இழுக்க, பிரேக் பின்னே பிடிக்க, இரண்டுக்கும் நடுவே வண்டி நடுக்கமின்றி நகரும். மெல்லச் செல்லும்போது, அதுவும் கைப்பிடி திரும்பியிருக்கையில், முன்பிரேக்கைத் திடீரென்று பிடித்தால் வண்டி அந்தக் கணமே சாய்ந்துவிடும். ஆனால் கிளச்சை இவ்வாறு நெடுநேரம் பாதிப் பிடியில் வைத்திருந்தால் அதன் தட்டுகள் சூடேறித் தேயும். ஆகவே நெருக்கடியான சில மீட்டர் தூரத்திற்கு மட்டுமே இது உரியது.

மூன்றாவது, உடலின் எடை. டிரையல்ஸ் வீரர் இருக்கையில் அமர்வதில்லை. கால்மிதிகளின் மேல் நிற்கிறார். முழங்காலும் முழங்கையும் சற்றே மடிந்திருக்கும். அவரது எடை இருக்கையில் இறங்காமல் கால்மிதி வழியாக இறங்குவதால், வண்டி அவருக்குக் கீழே இப்படியும் அப்படியும் அசைந்தாலும் அவர் நிலைகுலைவதில்லை. குறுகலான திருப்பத்தில் வண்டியை உள்பக்கம் சாய்த்து, உடலை வெளிப்பக்கம் நிறுத்துவார். வேகமாகத் திரும்பும்போது செய்வதற்கு இது நேர்மாறானது.

நான்காவது, தடையைச் சந்திக்கும் கோணம். மரக்கட்டை, நடைபாதை விளிம்பு, தண்டவாளம் ஆகிய எதுவாயினும் கூடியவரை நேர்குறுக்காகவே கடக்க வேண்டும். சாய்வாகச் சென்றால் சக்கரம் அதன் ஓரமாகவே வழுக்கிச் செல்லும். மழையில் அது திண்ணம்.

இப்பயிற்சியைத் தெருவில் செய்து பார்ப்பது முறையன்று. ஆளில்லாத மைதானத்தில், தலைக்கவசம் அணிந்து, ஆறு செங்கற்களை மூன்று மீட்டருக்கு ஒன்றாக வைத்து, அவற்றினிடையே கால் ஊன்றாமல் வளைந்து வளைந்து செல்லப் பழகலாம். போட்டிக்கென்றே அமைந்த இன்றைய டிரையல்ஸ் வண்டி ஏறத்தாழ 70 கிலோகிராமே எடையுள்ளது. புல்லட்டோ 180 கிலோகிராமுக்கும் மேல். ஆகவே பாறை ஏறும் வித்தைகளை நாம் நாட வேண்டியதில்லை. பார்வையும் விரல்களும் பழகினால் போதும். அவ்வண்டிகளின் டயரில் காற்றை மிகக் குறைவாக வைப்பார்கள். அதைப் பார்த்துச் சாலை வண்டியில் காற்றைக் குறைத்தல் கூடாது. குறைத்தால் டயர் ரிம்மில் நழுவி, ட்யூபின் வால்வு பிய்ந்துவிடும்.

சரக்கு கட்டுவோர் இதே எடைக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும். மூட்டை உயரமாகவும் பின்சக்கர அச்சுக்கு வெகுவாகப் பின்னேயும் இருந்தால் முன்சக்கரத்தின் மேல் எடை குறைந்து, கைப்பிடி கட்டுக்கு அடங்காது. தாழ்வாகவும், இருக்கைக்கு நெருக்கமாகவும், இருபுறமும் சமமாகவும் கட்டுவதே தக்கது.

அடுத்து, தேங்கிய நீரைக் கடக்கும் முறை. ஆழம் தெரியாத நீரில் இறங்காமல் இருப்பதே முதல் விதி. முன்னே செல்லும் வண்டிகளின் சக்கரம் எதுவரை மூழ்குகிறது என்று நின்று பார்க்க வேண்டும். இறங்கிவிட்டால் முதல் கியரில், எஞ்சின் வேகத்தைச் சற்றுக் கூட்டி, கிளச்சைக் கொண்டு வண்டியின் ஓட்டத்தைக் குறைத்து, நடுவில் நிற்காமல் செல்ல வேண்டும். எஞ்சினின் சீரான ஓட்டம் சைலன்சருக்குள் நீர் ஏறாமல் தள்ளிக்கொண்டிருக்கும்.

நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் உடனே கிக்கரை உதைப்பதும் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்துவதும் பெருந்தவறு. காற்றுக்குழல் வழியாக சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கக்கூடும். காற்றைப் போல நீர் அமுங்காது. மேலேறும் பிஸ்டன் அந்த நீரில் மோதும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதைச் சீராக்கும் செலவு பலருடைய ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும். வண்டியைத் தள்ளிக் கரையேற்றி, ஏர்ஃபில்டர் நனைந்துள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் பிளக்கைக் கழற்றி, அதன் பிறகே எஞ்சினை மெல்லச் சுழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் சேர்ந்துவிட்டது என்பது பொருள். அதை மாற்றாமல் வண்டியை ஓட்டலாகாது. நீரைக் கடந்தவுடன் பிரேக்கும் வேலை செய்யாது. சிறிது தூரம் மெதுவாகச் சென்று, பிரேக்கை லேசாகப் பிடித்து, உரசும் சூட்டினால் அதை உலர்த்திக்கொள்ள வேண்டும்.

கடைசியாக வண்டிப் பராமரிப்பு. கொச்சியில் வண்டிக்குப் பகை உப்பு. தேங்கும் நீரிலும் கடற்காற்றிலும் உள்ள உப்பு முதலில் தாக்குவது செயின், ஸ்போக்ஸ் கம்பியின் நுனி, கேபிள், மின்கம்பி இணைப்பு ஆகியவற்றையே. உப்புநீரில் சென்ற அன்றே நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். பலமாகப் பீய்ச்சும் குழாயைச் சக்கர அச்சிலும் ஹெட்லைட்டிலும் காட்டலாகாது. பீய்ச்சிய நீர் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸை வெளியேற்றிவிடும்.

மேலே கூறிய மெதுவான ஓட்டம் வண்டி சீராக இருந்தால்தான் கைகூடும். செயின் தொய்ந்தால் வண்டி குலுங்கிக் குலுங்கிச் செல்லும். பொதுவாக 25 முதல் 30 மில்லிமீட்டர் அசைவு போதுமானது. வண்டியுடன் வந்த கையேட்டின் அளவே முடிவானது. செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. ஆகவே சக்கரத்தைச் சுழற்றி, மிக இறுக்கமான இடத்தில்தான் அளந்து சரிசெய்ய வேண்டும். கிளச்சு லீவரில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் தளர்வு இருக்கட்டும். கேபிளுக்கு மேலிருந்து எண்ணெய் விட்டால் கிளச்சு விரலுக்கு இதமாக இருக்கும். நுனியில் ஓர் இழை பிய்ந்திருந்தாலும் கேபிளை உடனே மாற்ற வேண்டும்.

பழைய புல்லட் வைத்திருப்போர் இன்னும் சில கவனிக்க வேண்டும். எஞ்சின், கியர்பெட்டி, முன்செயின் பெட்டி ஆகிய மூன்றுக்கும் அதில் தனித்தனி எண்ணெய். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றவற்றை மறந்துவிடுவோர் உண்டு. பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அது மாறினால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது திணறி நின்றுவிடும். நெருக்கடியான தெருவில் ஆபத்தாவது அதுவே. 2020இல் பி.எஸ். 6 விதி வந்த பின் விற்பனையான புல்லட்டுகளில் பாயிண்டும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. அவற்றில் பாட்டரியும் மின் இணைப்புகளுமே முக்கியம். பாட்டரி முனைகளில் வாசலைன் தடவினால் உப்பு அரிப்பது குறையும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரமும், இரண்டு ஸ்பேனரும், ஒரு பழந்துணியும் போதும். மீதியைப் பட்டறையில் சொல்லலாம். மலையாளம் சரியாக வராதவரும் அங்கே பேச்சுக்குத் தவிக்க வேண்டியதில்லை. கிளச்சும் செயினும் பிளக்கும் இரு மொழிக்கும் பொதுச் சொற்கள். எந்தப் பாகத்தில், எப்போது, என்ன ஓசை கேட்கிறது என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னால், மெக்கானிக் தேவையில்லாமல் எஞ்சினைப் பிரிக்க மாட்டார்; நமக்கும் வீண்செலவு நேராது.