‘ஏன் இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டீங்க?’ - சட்ட மாணவர்கள் கேட்கக் கூடாத முதல் கேள்வி!

சட்டக் கல்லூரியின் இலவசச் சட்ட உதவி மையம். ஒரு பெண் வந்து உட்காருகிறார். ‘‘வீட்டுக்காரர் அடிக்கிறாரு’’ என்கிறார். எதிரே இருக்கும் மாணவி, ‘‘ஏன்க்கா இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டீங்க?’’ என்று கேட்கிறார். அவ்வளவுதான். வந்தவர் எழுந்துவிடுகிறார்.

நல்லவேளை, இது பயிற்சி. வந்தவராக நடித்தது சக மாணவி. நிஜத்தில் நடந்திருந்தால், அந்தப் பெண் திரும்பி வராமலே போயிருக்கலாம்.

எதற்கு இந்தப் பயிற்சி?

இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகள்படி, சட்டப் படிப்பில் 4 ‘கிளினிக்கல் பேப்பர்’ கட்டாயம். கல்லூரியில் சட்ட உதவி மையமும் இருக்க வேண்டும். மாணவர்கள் கோர்ட்டில் வாதாட முடியாது. ஆனால் வருபவர் சொல்வதைக் கேட்டு, குறிப்பெடுத்து, ஆசிரியர் மேற்பார்வையில் மனு எழுதப் பழகலாம்.

என்ன கேட்க வேண்டும்?

‘‘இன்னைக்கு வீட்டுக்குப் போனா பாதுகாப்பா இருப்பீங்களா?’’ இதுதான் முதல் கேள்வி. அடுத்து, ‘‘உங்க போனை வேற யாராவது பார்ப்பாங்களா?’’ தெரியாமல் அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் மெசேஜே ஆபத்தாகிவிடலாம்.

அதன்பிறகுதான் சட்டம். 2006 அக்டோபர் 26-ல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடி, உதையை மட்டும் பேசவில்லை. கேவலமாகத் திட்டுவது, பாலியல் தொல்லை, வீட்டுச் செலவுக்குப் பணம் தராதது எல்லாமே வன்முறைதான்.

பாதுகாப்பு, வசிப்பிடம், பண உதவி, குழந்தையின் பொறுப்பு, இழப்பீடு என மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். மாமனார் பெயரில் உள்ள வீடு என்றாலும், அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் மருமகள் வசிப்பு உரிமை கோரலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ‘வீடு யார் பேர்ல இருக்கு?’ என்பதோடு ‘அங்க எவ்வளவு நாள் இருந்தீங்க?’ என்றும் கேட்கக் கற்றுத்தருவது இதனால்தான்.

முடிவு யாருடையது?

‘‘டைவர்ஸ் வேண்டாம், அடிக்காம இருந்தா போதும்’’ என்று சொல்பவர்கள் உண்டு. விவாகரத்து கேட்காமலே இந்தப் பாதுகாப்பைப் பெறலாம். ‘அட்ஜஸ்ட் பண்ணுங்க’ என்பதும் ‘உடனே விட்டுட்டு வாங்க’ என்பதும் மாணவரின் வேலை இல்லை. வழிகளைச் சொல்ல வேண்டும். முடிவு அந்தப் பெண்ணுடையது.

அதே மாணவி மறுபடி முயற்சி செய்கிறார்: ‘‘தண்ணி குடிங்கக்கா. மெதுவா சொல்லுங்க.’’ இந்த முறை வந்தவர் எழுந்து போகவில்லை.

உதவி தேவையா? பெண்கள் உதவி எண் 181. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.