ஊரின் ஓசையைச் சேர்த்துவைக்கும் கலை

புலம்பெயர்ந்தோர் வீட்டுச் சுவர்களில் நிழற்படங்கள் தொங்குகின்றன. கல்யாண வீடு, கோயில் தேர், பள்ளிக்கூட வாசல் என ஊரின் தோற்றம் ஓரளவேனும் எம்முடன் வந்து சேர்ந்திருக்கிறது. ஊரின் ஓசையோ வரவில்லை. துலா மிதிக்கும்போது எழும் கிறீச்சொலி, பனங்கூடலில் காய்ந்த ஓலைகள் உரசும் சரசரப்பு, விடியற்காலைக் கோயில் மணி ஆகியவற்றை ஒலிநாடாவில் பதிந்து எடுத்துவந்தோர் மிகச் சிலரே. துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பிடித்துக்கொண்டது. அதன் ஒலியை இனி முதியோரின் நினைவிலேயே தேடவேண்டும்.

சூழலின் ஒலிகளைப் பதிந்து, தெரிந்து, அடுக்கி, இசையமைப்பதைப் போல ஒரு படைப்பாக்குவது இன்று தனிக் கலையாக வளர்ந்திருக்கிறது. அதனை ஒலிச்சூழல் ஆக்கம் எனலாம். தமிழர் பலர் வாழும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி அக்கலையின் தொட்டில்களில் ஒன்றாகும்.

டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் 1932 இல் பிறந்த போலின் ஒலிவெரோஸ் என்னும் இசையமைப்பாளர், 1950களில் சான் பிரான்சிஸ்கோவில் வசித்தார். தாயார் பரிசளித்த ஒலிப்பதிவுக் கருவியின் ஒலிவாங்கியை அவர் தமது வீட்டு யன்னலில் வைத்துப் பதிவு செய்தார். பின்னர் போட்டுக் கேட்டபோது, தாம் அங்கே இருந்தும் கவனியாத ஒலிகள் பல அதில் இருக்கக் கண்டார். காது வேண்டியதை மட்டும் தெரிந்தெடுக்கிறது. ஒலிவாங்கியோ அனைத்தையும் ஏற்கிறது. எப்போதும் எல்லாவற்றையும் கேட்பதென்று அன்று அவர் மேற்கொண்ட பயிற்சியே, பின்னாளில் ஆழ்ந்து கேட்டல் என்னும் கல்விமுறையாயிற்று. அவர் 2016 இல் காலமானார்.

அதே பகுதியைச் சேர்ந்த பேர்னி கிரவுஸ், 1968 இல் மியூர் வூட்ஸ் செம்மரக் காட்டுக்கு ஒலிப்பதிவுக் கருவியுடன் சென்றார். அவரும் போல் பீவரும் சேர்ந்து 1970 இல் வெளியிட்ட இசைத்தட்டில் இயற்கை ஒலிகள் இசைக்கருவிகளுக்கு நிகராக இடம்பெற்றன. அதன்பின் காட்டொலிகளைப் பதிவதே அவரது வாழ்நாட் பணியாயிற்று.

சியரா நெவாடா மலையிலுள்ள லிங்கன் புல்வெளியில் அவர் செய்த பதிவுகள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. அங்கே தெரிந்தெடுத்த மரங்களை மட்டும் வெட்டினால் சூழலுக்குத் தீங்கில்லை என்று மரம் வெட்டும் நிறுவனம் கூறியது. வெட்டுமுன் 1988 இல் ஒருமுறையும், வெட்டியபின் 1989 இல் மறுமுறையும் கிரவுஸ் பதிவு செய்தார். நிழற்படத்தில் காடு மாறாமலே தோன்றியது. ஒலிப்பதிவிலோ பறவைகளின் கூட்டிசை பெரும்பாலும் அடங்கிவிட்டிருந்தது. கண் காணாத இழப்பைக் காது கண்டுபிடித்தது.

நிலத்தில் எழும் ஒலிகளைக் கிரவுஸ் மூன்றாகப் பகுக்கிறார். காற்று, மழை, அலை போன்றவை முதலாவது வகை. உயிரினங்களின் ஒலிகள் இரண்டாவது. மனிதர் எழுப்பும் ஒலிகள் மூன்றாவது. தமிழருக்கு இந்நோக்குப் புதியதன்று. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைக் கூறும் தொல்காப்பியம், விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறது. நிலத்தை அதன் ஒலியோடு சேர்த்து அறிவது எமது மரபாகும்.

தொடங்குவது எவ்வாறு?

முதற்படிக்குக் கருவி வேண்டியதில்லை. ஓரிடத்தில் பத்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, கேட்டவற்றை வரிசையாக எழுதுங்கள். அண்மையில் எழுந்தவை எவை, தொலைவிலிருந்து வந்தவை எவை, ஓயாது ஒலித்தவை எவை எனக் குறியுங்கள்.

அடுத்தது பதிவு. கைத்தொலைபேசியே தொடக்கத்துக்குப் போதுமானது. அதனைக் கையில் பிடிக்காது அசையாத இடத்தில் வையுங்கள். விரலின் உரசலும் பதிவாகிவிடும். காற்று நேரே மோதாமல் மறைப்பு இடுங்கள். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் இடம், திகதி, நேரம் ஆகியவற்றை உமது குரலிலேயே சொல்லுங்கள். குறைந்தது ஐந்து நிமிடமாவது தொடர்ந்து பதியுங்கள்.

பின்னர் கணினியில் தொகுக்கலாம். ஓடாசிற்றி என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஓயாத மெல்லொலியைப் பின்னணியாக விரித்து, அதன்மேல் தொலைவொலிகளையும், கடைசியாக அண்மையொலிகளையும் இடுங்கள். இடைவெளிகளை நிரப்ப அவசரப்படவேண்டாம். மௌனமும் ஆக்கத்தின் பகுதியே.

ஜேர்மனியில் பிறந்து 1968 இல் கனடாவில் குடியேறிய ஹில்டெகார்ட் வெஸ்டர்காம்ப் 1989 இல் செய்த ஆக்கமொன்று இதற்கு நல்ல பாடம். வன்கூவர் கடற்கரையில் பாறையொட்டிச் சிப்பிகள் எழுப்பும் நுண்ணொலியை நகரத்தின் இரைச்சல் மூடியிருந்தது. அவர் தொகுக்கும்போது நகரத்தின் ஒலியை வடிகட்டிக் குறைத்து, அவ்வாறு செய்வதைக் கேட்போருக்குத் தமது குரலிலேயே அறிவித்தார்.

இரு எச்சரிக்கைகள்

பிறரது பேச்சைப் பதியுமுன் சம்மதம் பெறுங்கள். அந்தரங்கமான உரையாடலைப் பதிவதற்குக் கலிபோர்னியாச் சட்டம் பேசுவோர் அனைவரதும் சம்மதத்தைக் கோருகிறது. அடைக்கல வழக்கு முடியாதோரின் குரலையும் பெயரையும் வெளியிடுவதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

மற்றையது எமக்கே உரியது. விமானத்தின் இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடியோருக்கு யூலை 4 வாணவேடிக்கை இன்றும் வேடிக்கையாக இருப்பதில்லை. ஆழ்ந்து கேட்கும்போது அஞ்சிய ஒலிகளும் மீண்டு வரலாம். அவற்றைக் கேட்குமாறு எவரையும் வற்புறுத்தலாகாது. நெஞ்சு பதறினால் கருவியை நிறுத்திவிடுவதே முறை.

இனி, பாதுகாப்பு. 2017 ஒக்டோபரில் எழுந்த காட்டுத்தீயில் கிளென் எலனில் இருந்த கிரவுஸின் வீடு முற்றாக எரிந்தது. கருவிகளும் குறிப்பேடுகளும் சாம்பலாயின. ஒலிப்பதிவுகளின் பிரதிகள் வேறு இடங்களில் வைக்கப்பட்டிருந்தமையால் அவை மட்டும் தப்பின. அவரது சேகரத்தில் ஏறக்குறைய அரைப்பங்கு, இன்று அடங்கிப்போன அல்லது அடையாளம் தெரியாது மாறிப்போன வாழிடங்களின் ஒலி. மறுபடி பதிய முடியாதது. 1981 இல் 90,000 இற்கும் மேற்பட்ட நூல்களுடன் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த எமக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள்.

நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ உள்ள ஒரு வீட்டில், துலாவின் ஒலியை வாயால் எழுப்பிக் காட்டக்கூடிய அப்பாச்சியொருவர் இருப்பார். அவர் பேச்சின் பின்னால் அடுப்படிச் சத்தமும் பிள்ளைகளின் ஆங்கிலமும் வெளியே வாகன இரைச்சலும் கேட்கும். அவற்றை நீக்காது அப்படியே பதியுங்கள். பிற்காலத்தில் எமது பேரப்பிள்ளைகளுக்கு, அந்த அடுப்படிச் சத்தமும் ஊரின் ஓசையாகவே இருக்கும்.